ஏற்றுமதி

என் வீட்டு மீட்டர் இரண்டு கணக்கு சொல்லும்:
இறக்குமதி இவ்வளவு, ஏற்றுமதி இவ்வளவு.
துறைமுகம் வைத்திருப்பவள் போல
முதல் மாதம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
முக்கூடலில் ஒற்றை ஆள் வீடு.
ஒரு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், துணி மூடிய டிவி.
தட்டட்டியில் ஆறு பலகை
பங்குனி வெயிலை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு
பகல் ஒரு மணிக்கு
இனி என்ன செய்யட்டும் என்று கேட்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்பது குடிசை.
புறம்போக்கு. பட்டா இல்லாததால் கதவு எண் இல்லை,
எண் இல்லாததால் சர்வீஸ் இல்லை.
அவர்கள் தலைக்கு மேலேதான்
பதினோரு கே.வி. லைன் போகிறது,
காக்கா உட்கார.

ஒயர் இழுத்துக் கொடுக்கலாமா என்றேன்.
லைன்மேன் ஞானதுரை காதைப் பொத்திக்கொண்டார்:
"நீங்க கேக்கல, நான் கேட்டுக்கிடல."

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அறையில்
முப்பது வருஷம் கிடந்தவள் நான்.
ஒயர் போகாத இடத்துக்குப் பெட்டி போகும்.
தூக்குச்சட்டி அளவில் ஒன்பது வாங்கினேன்.
காலையில் காலியாக வரும்,
சாயங்காலம் நிறைந்து போகும்,
முப்புடாதி இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று.
"காசு எவ்வளவுக்கா?"
"வீணாப் போறதுதானே, கொண்டு போ" என்றேன்
வாய் நிறைய.

ஆனியில் ஒருநாள்
ஒரு பெட்டிக்கு முனை ஆடுகிறதென்று
ராத்திரி பத்தரைக்கு டார்ச்சோடு ஓடை தாண்டினேன்.
ஒன்பது விளக்கடியிலும் ஒன்பது சுளகு.
இலை, தூள், கத்திரி, நூல்.
யாரும் தலை தூக்கவில்லை.
முன்பெல்லாம் எட்டு மணிக்குப் படுப்பார்களாம்.
இப்போது ஆளுக்கு முந்நூறு பீடி கூட.
எட்டாம் வகுப்புப் பிள்ளை
மடியில் புத்தகத்தை விரித்து
அதன்மேல் சுளகு வைத்திருந்தாள்.

"என்னட்டி இது, தூங்க வேண்டாமா?"
முப்புடாதி நூலைப் பல்லால் கடித்தாள்.
"வெளிச்சம் சும்மா கெடந்தா
வீணாப் போவும்லாக்கா."

நான் கொடுத்த நோட்டுதான்,
மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்தது.

பாதி மட்டும் ஏற்றி அனுப்பலாமா?
யாருடைய ராத்திரிக்கு நான் ஃப்யூஸ் போட?
ஆயிரம் பீடிக்குக் கம்பெனி கொடுக்கிற கூலி
என் தட்டட்டியில் விளைவதில்லை.
விடிந்ததும் வழக்கம்போல் பிளக்கைச் செருகினேன்,
ஒன்பதுக்கும்.

ஆடி அமாவாசை போய் நாலு நாள் கழித்து
ஒரு பெட்டி பாதிகூடத் தீராமல் வந்தது.
பழுதோ என்று புரட்டிப் பார்த்தேன்.
"நேத்து சீக்கிரம் படுத்துட்டோம்" என்று
பாக்கிச் சில்லறை போல
வைத்துவிட்டுப் போனாள்.
ஐம்பத்தாறு சதவீதம்.

பொதிகைப் பக்கம் மேகம் வேறு.
அன்றைக்கு அந்தப் பெட்டியை மட்டும்
ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.
அலமாரி மேல் அதன் பச்சை விளக்கு
இமைத்துக்கொண்டே கிடந்தது.