ஒரு தாள் கனம்

கீழ்வரிசை வலப்பக்கம், கடைசிக்கு முந்திய பல்லுக்கு
மாசியில் தொப்பி போட்டார்கள்.
ஒரு தாள் கனம் உயரம் கூடிவிட்டது.
ஒரு தாள்தான்.
வாயை மூடினால்
மற்ற பற்களெல்லாம் அந்தரத்தில் நின்றன,
ஒரு கால் நீண்ட பெஞ்சில்
உட்கார்ந்தவர்கள் மாதிரி.

மூன்று வாரம் களியில் ஓட்டினேன்.
கேழ்வரகுக் களிக்குப் பல் வேண்டாம்.
உருட்டு, அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டு, விழுங்கு.
மென்றால்தான் சிரிப்பார்கள் எங்கள் பக்கம்.

நான்காம் வாரம் வறுத்த கடலை.
அப்போதுதான் கவனித்தேன்,
தாடை என்னைக் கேட்காமலே
வழியை மாற்றியிருந்தது.
நேராக மேலேறாமல்
இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு வளைவு போட்டு,
அந்த மேட்டை உரசாமல் வந்து மூடியது.
எப்போது கற்றுக்கொண்டது, தெரியாது.

பழையபேட்டையில் டாக்டர் தபஸ்ஸும்
நீலத்தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே நீட்டினார்.
"தட்டுங்க."
தட்டினேன்.
"இப்ப அரைங்க, வாயில சோறு இருக்கிற மாதிரி."
இல்லாத சோற்றை அரைத்தேன்.

கைக்கண்ணாடியில் காட்டினார்.
தட்டிய இடம் புள்ளி.
அரைத்த இடம் வால் முளைத்த கோடு.
"பல்லு முட்டறது கடைசியில, கண்ணிமைக்கற நேரம்.
அதுக்கு முன்னாடியே தாடை வேகம் கொறைக்கும்.
முட்டின எடத்த வச்சு
அடுத்த மெல்லுக்கு வழி பாத்துக்கும்."

இது எனக்குப் புரியும்.
நான் டோல்கேட்டில் ராத்திரி டூட்டி.
கிரானைட் கல் சுமந்த பதினாறு சக்கரம்,
மாங்கூழ் டேங்கர், பெங்களூர் பஸ்,
எல்லாம் நூறடி முன்பே புஸ்ஸென்று மூச்சுவிட்டு,
தவழ்ந்து வந்து,
கம்பி எழும் அந்த ஒரு கணம்.
போயாச்சு.
விடியும்வரை நிஜமாகவே நின்ற நேரத்தைக் கூட்டினால்
ஒரு டீ குடிக்கப் போதாது.
பல்லோடு பல் சேர்ந்திருப்பதும் அப்படித்தானாம்,
நாளெல்லாம் தின்றாலும்.
மற்றதெல்லாம் ஓட்டம்.

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"
இல்லை என்றேன்.
பகலில் நான் தூங்கும்போது
கல் அறுக்கும் பட்டறைச் சத்தம் வருகிறது என்று
மாதம்மா சொல்லியிருக்கிறாள்.
நடுவில் அரிசி இல்லை, கடலை இல்லை,
எதை அரைக்கிறேன் என்று
அவளும் கேட்கவில்லை.

மூன்று தடவை இழைத்தார். தண்ணீர், கருகல் வாசம்.
நான்காவது தாளில்
எல்லாப் பற்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு நீலம்.
"சரியாயிடுச்சு" என்றார். ஐந்நூறு ரூபாய்.

சரியாகவில்லை.
சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை இருந்தது.
ஐப்பசியில் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.
இன்றைக்கும் அந்த இடம் வந்தால்
பழைய டிரைவர்கள் காலைத் தூக்குகிறார்கள்.
பின்னால் வரும் புதுப்பையன்
ஹாரனை அமுக்குகிறான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு,
பெங்களூரா செங்காய், மிளகாய்ப்பொடி.
வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளினேன்.
தாடை ஒதுங்கியது.
மறுபடி தள்ளினேன். மறுபடி ஒதுங்கியது.
பதினொன்றிலோ பன்னிரண்டிலோ
ஒதுங்க மறந்து நேராக ஏறி
டக்.

மாதம்மா திரும்பிப் பார்த்தாள்.
"என்னா, ஒடஞ்சிருச்சா?"

உப்பு கம்மி, என்றேன்.