புகை படாமல்

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது.
பார்த்தவர்கள் பழைய செல்போன் என்று நினைத்தார்கள்.
நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சிழுக்கும்,
இழுத்ததை எண்ணி வைக்கும்.
எண்ணத்தான் தெரியும் அதற்கு,
இருமத் தெரியாது.

நடுவீரப்பட்டு தாண்டிச் செம்மண் மேடேறும் இடத்தில்
என் பட்டியலின் பன்னிரண்டாவது வீடு.
பெயர் அஞ்சலாட்சி.
வயது? "முப்பத்தாறுன்னு போட்டுக்கோ."
ஏழாம் கேள்வி: எதில் சமைக்கிறீர்கள்?
வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி
முந்திக்கொண்டு "கேஸு" என்றார்.

பொய்யில்லை. சிலிண்டர் இருந்தது,
கூடத்து மூலையில், பூப்போட்ட துண்டு போர்த்தி,
தலைமேல் டிவி ரிமோட்டும் ரேஷன் கார்டும் சுமந்து.
சம்பந்தி வீட்டார் வந்தால் டீ போட.
அடைமழை பிடித்தால் சோறு வடிக்க.
போன தீபாவளிக்கு மாற்றியது, இன்னும் கனம் குறையவில்லை என்று
ஆட்டிக் காட்டினார்,
சேமிப்பு உண்டியலை ஆட்டுகிற மாதிரி.

நான் மூன்றாம் கட்டத்தில் டிக் அடித்தேன்:
விறகும் பிறவும்.
பிறவும் என்றால் முந்திரிக்கொட்டை ஓடு.
உடைக்கிற ஆலையில் மூட்டை எழுபது ரூபாய்.
சட்டென்று பிடிக்கும், எண்ணெய் கக்கி எரியும்,
புகை கண்ணைக் கரிக்காது,
கடிக்கும்.
தானே புயல் சாய்த்த மரங்களையெல்லாம்
எரித்து முடித்த பிறகு
தெருவே இதற்கு மாறிவிட்டது.

அடுப்படிக்கு ஒரு சன்னல் உண்டு.
பாம்பு வருமென்று அட்டை வைத்து அடைத்திருந்தது.
ஓட்டுக்கடியில் கரி நூல் நூலாய்த் தொங்கியது.
நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து
"பொங்கலுக்கு அடிச்சிடுவோம்" என்றாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கருவியை அவள் தோளில் மாட்டினேன்.
நாளை இதே நேரம் வரை.
குளிக்கும்போது கழற்றலாம்,
தூங்கும்போது தலைமாட்டில் வைக்கலாம்.
"எவ்ளோம்மா இது?"
சொல்லியிருக்கக் கூடாது.
நாற்பதாயிரம் என்றேன்.
இடது இடுப்பிலிருந்த பிள்ளையை
வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்,
இடித்துவிடாமல்.

மறுநாள் பளபளவென்று துடைத்து
ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள்.
கடலூர் ஆபீசில் கம்பியைச் சொருகினால்
கோடு, சித்திரை மாதத்துக் கெடிலம் போலத்
தட்டையாய்க் கிடந்தது.
காலை ஆறு மணிக்கு மேடில்லை.
மாலை ஆறரைக்கும் இல்லை.
"சில்வர் பீச்ல உக்காந்தா சமைச்சாங்க?" என்றார் டாக்டர்.

திரும்பப் போனேன்.
மடியில் பிள்ளையோடு அடுப்பு முன்னால் இருந்தாள்.
பேச்சுக்கு நடுவே ஊதினாள்,
ஊதுவதற்கு நடுவே இருமினாள்.
பிள்ளையும் இருமியது, இரண்டு தரம், சின்னதாய்.

"நாப்பதாயிரம்னு சொன்னியே.
அடுப்படியில இருந்தா புகை பட்டுக்
கெட்டுப்போயிடாது?
துண்டுல சுத்தி அந்தப் பலா மரத்துல மாட்டிட்டேன்.
ராத்திரி ரெண்டு வாட்டி எழுந்து பாத்தேன், இருக்குதான்னு.
ஒரு கரி பட்டிருக்காது பாரு."

பட்டிருக்கவில்லைதான்.

பன்னிரண்டாம் வீட்டுக்கு எதிரே
செல்லாத் தரவு என்று எழுதினேன்.
ஒரு பலா மரம் ஒரு நாள் முழுக்க
நல்ல காற்றில் நின்றதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினேன்.
அவள் கேட்பதற்கு முன்பே
"இது வேற மிஷின். நூத்தம்பது ரூவாதான்" என்றேன்.
நம்பவில்லை. என்னைப் பார்த்தாள்,
கருவியைப் பார்த்தாள்,
பிறகு பிள்ளையை அது தொங்கும் பக்கமே இடுக்கிக்கொண்டு
ஒரு முறம் ஓடு அள்ளக் குனிந்தாள்.

மூவரும் மூச்சிழுத்தார்கள்.
ஒன்றுதான் எண்ணியது.