கடைசி நிரல்

முதல் படம் தலைகீழாக வந்தது.
அணி தன் முதல் நிரையை உச்சியில் வைக்கும்,
வரைபடமோ அடியிலிருந்து எண்ணும்.
கடலூருக்கு வடக்கே ஓடும் தென்பெண்ணை
அந்த ஒரு ராத்திரி மட்டும்
பேருக்கேற்றபடி தெற்கே ஓடியது.
தனியாகச் சிரித்துவிட்டு ஒரு வரி சேர்த்தேன்.
ஊர் நிமிர்ந்தது.

நூற்று முப்பத்திரண்டு மாதம்.
மாதத்துக்கு ஒரு படம்,
படத்துக்கு நாற்பது நிரை, இருபத்தெட்டு நிரல்,
ஒவ்வொரு கட்டத்திலும்
யாரோ ஒருவர் கிணற்றின் உப்பு.
வரை, பிடி, அழி, மறுபடி வரை.
மஞ்சக்குப்பத்து மாடி அறையில்
கணினியின் காற்றாடி இரைகிற சத்தம்.

ஓடவிட்டேன்.
எல்லா மாதமும் ஒரே சிவப்பு.
ஐப்பசியில் கிணறு வழிந்த மாதமும்
கத்திரியில் வாளி தரைதட்டிய மாதமும்
ஒன்றுபோல எரிந்தன.
தரவில் தப்பென்று அரைமணி தேடினேன்.
பிறகுதான் உறைத்தது:
படத்துக்குப் படம்
வண்ண அளவுகோல் தன்னை மாற்றிக்கொள்கிறது,
அந்த மாதத்தில் எது அதிகமோ அதற்குச் சிவப்பு.
எங்கள் அக்கா வீட்டுக்காரர் மாதிரி.
காப்பியில் சர்க்கரை குறைந்தாலும் அதே கூச்சல்,
கடன்காரன் வாசலில் நின்றாலும் அதே கூச்சல்.

கீழே சுழி, மேலே பன்னிரண்டாயிரம் என்று
ஆணி அடித்தேன்.
இப்போது நீலம் நீலமாக இருந்தது.
உப்பனாற்றை ஒட்டி ஒரு மஞ்சள்
மேற்கே ஒரு கட்டம் நகர்ந்தது,
மழைக்கு அரைக்கட்டம் பின்வாங்கி
தையில் இரண்டாக வந்தது.
நடுவில் மூன்று படம் முழு வெள்ளை.
ஊரடங்கு. யாரும் அளக்கவில்லை.
கணினி அதற்கு எண்ணல்ல என்று பேர் வைத்திருக்கிறது.
சுழி வேறு, எண்ணல்ல வேறு.

காலையில் அஞ்சலாட்சி வந்தாள்,
மீட்டரையும் பாட்டில்களையும் ஒப்படைக்க.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.
பதினோரு நொடி.
"வெள்ளையா போவுதே, அது எந்த மாசம்?"
சொன்னேன்.
"நான் அளந்தேனே மேடம்.
வெளியதானே போகக் கூடாது,
எங்க வூட்டுக் கெணத்துக்கு யார் தடுக்கிறது?"

கோப்பைத் திறந்தேன்.
இருந்தது. இருபத்தெட்டாவது நிரலில்,
மூன்று மாதமும், மூன்று எண்.
கட்டளையின் குணம் அது:
நான்கு மூலை இருந்தால்தான் ஒரு கட்டம் வரையும்.
கடைசி நிரலுக்கு அப்பால் மூலை கிடையாது,
ஆகவே வரையாது.
பிழை என்றுகூடச் சொல்லாது.
வடக்கே ஒரு நிரை போயிற்று,
கிழக்கே சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு,
ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேடு முழுக்க,
பதினோரு வருஷமாக.

நெடுக நிற்பதும் நிரல்,
நான் எழுதுவதும் நிரல்.
இந்த நிரல் அந்த நிரலைத் தின்றிருக்கிறது,
நான் ஏப்பம் விட்டிருக்கிறேன்.

திருத்தம் சின்னதுதான்.
கடலுக்குள்ளே ஒரு வெற்று நிரல்,
வடக்கே ஒரு வெற்று நிரை, உள்ளே ஒன்றுமில்லாமல்.
அது இருந்தால் கரை தெரியும்.

மறுபடி ஓட்டினேன்.
வெள்ளை மாதங்களில், வலது ஓரத்தில்,
ஒரே ஒரு கட்டம் ஆரஞ்சாய்,
அடுத்ததில் சிவப்பாய்,
அதற்கடுத்ததில் இன்னும் அடர்ந்து.
மூன்று படம் சேர்ந்து கால் நொடி.
"மெதுவா ஓட்டுங்க" என்றாள்.
ஓட்டினேன்.
அந்த மாதம் மாமியாருக்குச் சோறு பொங்க
எத்தனை குடம் யாரிடம் கேட்டாள் என்று
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி மாதம் முடிந்ததும்
படம் தானே முதல் மாதத்துக்குத் தாவியது.
சட்டென்று எங்கும் நீலம்.

"அத நிறுத்திடுங்க மேடம்.
பாக்குறவங்க சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

எத்தனை முறை ஓட வேண்டும் என்ற இடத்தில்
ஒன்று என்று போட்டேன்.
கடைசிப் படம் திரையில் நின்றது.
பத்து மணிக்கு அவள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும்.
கிளம்பிவிட்டாள்.