மேலே இன்னும் பகல்

மாஸ்கோவின் நோன்பு அட்டவணை
தரையில் நிற்பவர்களுக்காக அச்சிடப்பட்டது.
கிரேன் கேபின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்,
எடை வரம்புத் தாளுக்குப் பக்கத்தில்.
இன்று பதினேழாம் நோன்பு.
மஃரிப் ஆறு முப்பத்தைந்து.

சஹருக்கு ஒரே அறையில் ஒன்பது பேர் எழுந்தோம்,
ஒரே குழாய், ஒரே அடுப்பு.
கடைசி மிடறுக்கு வரிசையில் நின்றேன்.
பிறகு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை.
ஒரு வகையில் வசதிதான்,
நூற்றுத் தொண்ணூறு மீட்டர் உயரத்தில்
யாரும் கழிவறை கட்டவில்லை.

முதல் பதினொரு நாள் மேகம்.
சாம்பல் பஞ்சுக்குள் உட்கார்ந்து
தாள் சொன்ன நிமிடத்தில் திறந்தேன்.
பன்னிரண்டாம் நாள் வானத்தை யாரோ துடைத்துவிட்டார்கள்.
தாளில் நேரம் ஆகிவிட்டது,
கீழே தெருவிளக்குகள் எரிகின்றன,
என் முழங்கால்மேல்
ஆரஞ்சு வெயில் அசையாமல் கிடக்கிறது.

ஏறக்குறைய மூன்று நிமிடம்.
தரைக்கும் எனக்கும் நடுவே அவ்வளவு பகல் மிச்சம்.

அப்படியானால் அந்தப் பதினொன்றும்?
பள்ளிவாசல் தொலைபேசி எண் தாளின் அடியிலேயே இருக்கிறது.
கேட்கவில்லை.
கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்று பயம்.

சனிக்கிழமை கிரேனுக்கு இரண்டு கணு சேர்த்தார்கள்,
கரும்பு வளர்வது போல.
என் நோன்பும் வளர்ந்தது,
ஐந்தாறு விநாடி.

நாலரை மணிக்கு ஓஷிலிருந்து அய்சுலுவின் குரல்.
பதினொரு வயது, முதல் முழு நோன்பு.
"அம்மா, இங்கே முடிஞ்சிடுச்சு.
சூரியனை உன் பக்கம் அனுப்பிட்டேன்."
பின்னால் தட்டுகளின் சத்தம்.
யாரோ அவளைச் சாப்பிடச் சொல்லி அதட்டுகிறார்கள்.
மூன்று முறை கேட்டேன்.
நான்காவது முறைக்குள் கம்பிக் கட்டு வந்துவிட்டது.

ஆறு முப்பத்தைந்து. வயர்லெஸ் கரகரக்கிறது.
"ஜிபார் அக்கா, வாயைத் திற."
எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்வோம்,
விடியலில் வாயை மூடுவது, அந்தியில் திறப்பது,
ஏதோ கடையின் ஷட்டர் மாதிரி.
"எனக்கு இன்னும் இருக்கு, தோலோன்.
நீங்க திறங்க."
"சரிக்கா."

சரி என்றான். ஆனால் காலடிக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
பலகையைச் சுற்றி எட்டு மஞ்சள் தலைக்கவசங்கள்,
நடுவில் சமோசாத் தட்டு,
ஒரு கையும் நீளவில்லை.
எத்தனை நாளாக இப்படி?
"நேரம் வந்தபிறகு தள்ளிப்போடக் கூடாதுன்னு
தெரியாதா உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.
"தெரியும்க்கா. ஆனா தலைக்கு மேல
நாலு டன் சிமென்ட் தொங்குது.
யாருக்குத் தொண்டையில இறங்கும்?"

தொங்கத்தான் செய்கிறது.
மேலே வெயிலையே பார்த்துக்கொண்டு
வாளியை அந்தரத்தில் மறந்துவிட்டேன்.
லீவரை மெல்லத் தள்ளுகிறேன்.
முப்பத்தெட்டாம் மாடியில் வாலெரி கையை விரித்து
வா, வா, நில் என்கிறார்.
அவருக்கு நோன்பு இல்லை, வீட்டுக்குப் போகிற அவசரம் உண்டு.
வாளி தரையைத் தொட்டதும்
கம்பிவடம் தளர்கிறது.
என் தோள்களும்.

நிமிர்ந்தால், ஆற்றுக்கு அப்பால்
அனல்மின் நிலையப் புகைக்குக் கீழே
நகக்கண் அளவு சிவப்பு.
அதுவும் இல்லை.

"போயிடுச்சு" என்றேன் வயர்லெஸ்ஸில்.
கீழே எட்டுத் தலைகள் குனிந்தன.

பேரீச்சம்பழம் குளிரில் கல்லாகியிருந்தது.
கன்னத்தில் அடக்கி இளக்கினேன்.
கொட்டையை இங்கிருந்து எறியக் கூடாது,
இந்த உயரத்தில் எது விழுந்தாலும் ஆயுதம்.
ஜாக்கெட் பையில் போட்டு, விரல்களால் எண்ணினேன்.

பதினேழு.
அந்தப் பதினொன்றும் சேர்த்து.