பதினேழு ஆ

மார்கழி. இரவு இரண்டு நாற்பது.
கருப்பூர் ஆய்வகத்தில்
சர்வரின் இரைச்சலும் நானும்.
திரையில் பதினோராயிரம் ஜீன்கள்.
எது எதோடு பேசுகிறது என்று
கோடு போட்டுக்கொண்டிருக்கிறது கணினி.

ஒன்று ஏறும்போது இன்னொன்றும் ஏறினால் ஒரு கோடு.
ஒன்று ஏற மற்றது இறங்கினால்
அதற்கும் கோடு உண்டு, நிறம் மட்டும் வேறு.
விடிவதற்குள்
காக்கை பாதியில் விட்டுப்போன கூடு மாதிரி
ஏதோ ஒன்று வந்துவிடும்.
அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது எது
என்று சொல்லத்தான் எனக்கு உதவித்தொகை.

இந்த வாரம் நடுவில் இருப்பது மிக்.
நம் ஐந்து ரோடு போல.
எங்கே போவதானாலும் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும்.
மிக் இல்லை என்று வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன்.
வலை துண்டு துண்டாயிற்று.
கை தட்டப் போனேன்.
அதற்குள் ஓரத்தில் கிடந்த நாலு ஜீன்கள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
மேம்பாலம் கட்டின வருஷங்களில்
சந்து சந்தாகப் புகுந்து
ஜங்ஷன் போய்ச் சேர்ந்த ஆட்டோக்காரர்கள் போல
புற்றுக்கும் இந்த ஊர் தெரிந்திருக்கிறது.

குழாய்கள் பெரியாஸ்பத்திரியிலிருந்து வருகின்றன.
ஐஸ் பெட்டி, ஊதா மூடி,
மரியபுஷ்பத்தின் சாய்ந்த கையெழுத்தில் எண்.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது.
விதி அது. நல்ல விதிதான்.
அ என்றால் மருந்து தொடங்கும் முன்.
ஆ என்றால் முப்பத்து மூன்றாம் நாள்.

பதினேழு அ:
ஆண். ஒன்பது வயது.
மஜ்ஜையில் நூற்றுக்கு எண்பத்தாறு
வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அணுக்கள்.
மற்ற நாற்பது பிள்ளைகளிடம்
முகம் திருப்பிக்கொள்ளும் இரண்டு ஜீன்கள்
இவனிடம் மட்டும் தோள்மேல் கைபோட்டு ஏறியிருந்தன.
பிழையா, புதிதா?
ஆ வந்தால் தெரிந்துவிடும்.

ஆ வரவில்லை.

மென்பொருள் கேட்கிறது:
விடுபட்ட மதிப்பை நீக்கவா,
சராசரியால் நிரப்பவா?
"நிரப்பிடும்மா" என்றார் தணிகாசலம் சார்,
"நாப்பத்தொண்ணுல ஒண்ணு. எல்லாரும் அதான் செய்யறாங்க."
தப்பாகச் சொல்லவில்லை.
ஆனால் அந்தச் சராசரிப் பையனை நினைத்துப் பார்த்தேன்.
வயது ஏழே முக்கால்,
கொஞ்சம் பெண்,
பிறந்த ஊர் ஆத்தூருக்கும் ஓமலூருக்கும் நடுவே எங்கோ,
ஊசி குத்தினால் அழத் தெரியாதவன்.

பகலில் மரியபுஷ்பத்துக்கு போன் போட்டேன்.
பின்னால் ட்ராலி உருண்டது.
"பதினேழா? அவங்க மேல போயிட்டாங்கம்மா."
யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

சேலத்தில் மேலே என்றால் ஏற்காடு.
காலை பஸ்ஸில் கீழே வருவார்கள்,
சாயங்காலம் மேலே போவார்கள்.
இது காப்பிப் பழம் பறிக்கிற மாதம்.
ஒருநாள் கூலியையும் விட்டு
பஸ்ஸுக்கும் கொடுத்து
கணக்காக முப்பத்து மூன்றாம் நாள்
யார் இறங்கி வருவார்கள்?
காய்ச்சல் விட்டதே போதும் என்று
நாகலூரோ வாழவந்தியோ
போர்வை சுற்றிக் கூட்டிப் போயிருப்பார்கள்.
அங்கே அவன் பழக்கூடையில் கை விட்டுத்
திட்டு வாங்கிக்கொண்டிருப்பான்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.
மூன்று நாளாகக் கேட்கவில்லை.
ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற நான்.

மொட்டைமாடிக்குப் போனேன்.
மலையில் ஒரு வண்டியின் வெளிச்சம்
திரும்பியது, மறைந்தது,
கொஞ்சம் மேலே மறுபடி தெரிந்தது.
இருபது வளைவில் எத்தனையாவதோ.

இறங்கி வந்து
அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு ஓடவிட்டேன்.
ஓடவில்லை. சிவப்பில் பிழை என்றது.
இருக்கட்டும்.
ஃபிளாஸ்க்கில் ஆறிப்போன டீ இருக்கிறது.
எட்டு மணிக்கு
மரியபுஷ்பம் டூட்டிக்கு வருவார்.