கம்பத்தின் நிழலில் ஏழு பேர்

மெஹிகாலியில், ஜூலையில், மாலை நான்கு மணிக்கு
பேருந்து நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
தகரக் கூரை உண்டு, இரும்பு பெஞ்சு உண்டு,
நகராட்சியின் பெயர் பெரிய எழுத்தில் உண்டு.
ஆட்கள் பத்தடி தள்ளி நின்றார்கள்,
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.
எதற்கு வரிசை என்று முதலில் விளங்கவில்லை.
மின்கம்பத்தின் நிழல் அது.
இரண்டு சாண் அகலம்,
ஏழு பேர் நீளம்.

நிழல் நகர, பையைக் காலால் தள்ளிக்கொண்டு
அவர்களும் நகர்ந்தார்கள்.
எட்டாவதாக ஒரு கர்ப்பிணி வந்தாள்.
ஐந்தாம் இடத்தில் நின்ற வெல்டர்
ஒன்றும் பேசாமல் வெயிலுக்குள் இறங்கினார்.

என் பெயர் கிரிசெல்டா போஹோர்கெஸ்.
பூங்கா வரைபவள் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறேன்.
உண்மையில் நாள் முழுக்க வெப்பம் அளப்பவள்.
துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, நீட்டினால் எண் சொல்லும்.
தகரத்தின் அடியில் பெஞ்சு: ஐம்பத்தெட்டு.
சறுக்குமரம்: எழுபத்தொன்று.
கம்ப நிழலில் மண்: நாற்பத்து நான்கு.
அன்றிரவு மேசையில் விரித்த தாளில்
நடுவிலிருந்த நீரூற்றை அழித்தேன்.
ரப்பர் துகள் வெகு நேரம் கையில் ஒட்டியிருந்தது.

'புல்வெளி எங்கே?' என்றார் பொதுப்பணி அதிகாரி.
'ரிப்பன் வெட்டும் படத்தில் பின்னால் பச்சை வேண்டாமா?'
படத்துக்கு ஒரு நிமிடம் போதும்,
புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும்.
வாய்க்காலில் வருவது எண்ணிக் கொடுத்த தண்ணீர் என்றேன்.
என் தாளில் பச்சையே குறைவு.
எல்லாம் சாம்பல் நிறக் கோடுகள்:
பத்து மணி நிழல், ஒரு மணி நிழல், ஐந்து மணி நிழல்.
நிழல் எங்கே போகிறதோ
பாதையும் அங்கே போகட்டும் என்று வரைந்தேன்.
'வளைந்து வளைந்து போகிறதே' என்றார்.
சூரியனிடம் சொல்லுங்கள் என்று
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

இரவு பதினொன்றுக்குப் பழைய மைதானம் போனால்
ஊரே அங்கே இருக்கிறது.
பந்து, தள்ளுவண்டி, சீட்டாட்டம்,
சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து
அதன்மேல் படுத்திருக்கும் பிள்ளைகள்.
இந்த ஊரில் பூங்கா என்பது இரவுச் சொல்.
பகலுக்கு வரைந்த நான்
அன்று விளக்குகளை எண்ணினேன். மூன்று எரிந்தன.

நூற்றுப் பத்து மெஸ்கீட் கன்றுகள் நட்டோம்.
முழங்கால் உயரம்.
பன்னிரண்டு ஆண்டு பொறுத்தால் குடை விரிக்கும்,
கம்பத்தடியில் நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்ல?
இடைக்காலத்துக்கு நிழல்வலை கட்டினோம்,
தக்காளித் தோட்டத்துக்குப் போடுவார்களே, அது.
மூன்றாம் வாரம் இரண்டு வலைகளைக் காணோம்.

கண்டுபிடிப்பது கடினமாக இல்லை.
நாலாம் தெரு முனையில், நான்கு மூங்கில்களின் மேல்,
எலெவுத்தேரியோவின் பனித்துருவல் வண்டிக்கு மேலே
அழகாக, என்னைவிட அழகாக,
மேற்கே தாழ்த்திக் கட்டியிருந்தார்.
அடியில் பத்துப் பேர்.
கேட்க வேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு போனேன்.
அவர் புளிச்சாறு ஊற்றி ஒரு குவளை நீட்டினார்.
காசு வாங்கவில்லை. நான் யாரென்று தெரிந்திருக்கிறது.
கருவியை மண்ணுக்கு நீட்டினேன்: நாற்பத்தொன்று.
என் பூங்காவில் அது நாற்பத்து மூன்று.

கோப்பில் எழுதினேன்:
'காற்றில் கிழிந்தது. இன்னும் நான்கு தேவை.
மேற்கே தாழ்த்திக் கட்டவும்.'

நேற்று கடைசிக் கன்றின் நிழலை அளந்தேன்,
ஒரு செருப்பு அளவு.
தெருநாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்து
உடம்பு முழுதும் வெயிலில் கிடக்க
மூக்கை மட்டும் அதற்குள் வைத்துப் படுத்தது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.
கருவியை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம்
அதன் மேற்குப் பக்கம் போய் நின்றேன்.