அவன் எழும்பும் நேரம்

வெள்ளவத்தை, நாலாம் மாடி, ஞாயிறு.
முதல் ரயில் கடலை உரசிக்கொண்டு
தெகிவளைப் பக்கம் போக
குசினி யன்னல் நடுங்கி அடங்கியது.
முட்டைப் பெட்டியில் மூன்றே மூன்று.

இந்த வீட்டில் 'அவன்' என்றால்
இரண்டு பேர்.
ஒன்று, மூலையில் நிற்கிற வெள்ளைப் பெட்டி,
கந்தோரில் சீட்டுப் பிடித்து எடுத்தது.
கரண்ட் பில்லுக்குப் பயந்து
இரண்டு வருடமாய் அதன் வயிற்றுக்குள்
சட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.
மற்றது, அறைக்குள்
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற வாகீசன்.
வெள்ளிக்கிழமை அவனுடைய கடவுச்சீட்டு
முத்திரை இல்லாமல் திரும்பி வந்தது,
மூன்றாம் தரம்.

சட்டிகளை ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
ஒரு மூடிக்கு அடியில்
நீதான் தொலைத்தாய் என்று
இருவரும் சண்டை பிடித்த தேத்தண்ணி வடி.
பேசாமல் எடுத்துக் கொளுவினேன்.

முட்டையை அடித்தேன், நுரை வரும்வரை.
அரைக் கோப்பை கோதுமை மா,
அதே அளவு பால், ஒரு விரல் உப்பு,
கறுவாத் தூள் கொஞ்சம், மூடி கைதவறியதால்
கொஞ்சத்துக்கும் மேலே.
ஈஸ்ட் இல்லை, அப்பச்சோடா இல்லை,
இரவிரவாய்ப் புளிக்க வைக்கக் கள்ளும் இல்லை.
எதை நம்பி இது பொங்கப்போகிறது
என்று எனக்கே விளங்கவில்லை.

புறக்கோட்டையில் நிறுத்து வாங்கிய இரும்புத் தாச்சி
உள்ளேயே காய்ந்துகொண்டிருந்தது.
பட்டரைப் போட்டேன், சீறியது.
மாவை ஊற்றினேன், இன்னும் சீறியது.
கதவைச் சாத்தினேன்.
இருபது நிமிடம். திறந்தால் போச்சு.

உள் பல்பு எப்போதோ செத்துவிட்டது.
போன் டோர்ச்சைக் கண்ணாடியில் வைத்து
நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன்.
பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
மஞ்சள் குளம் ஒன்று சும்மா கிடந்தது.
பிறகு கரைகள் மெல்லத் தாச்சிச் சுவரில் ஏறின.
நடுவில் ஒரு வீக்கம், அதன் பக்கத்தில் இன்னொன்று.
காலி வீதியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவனின்
சேர்ட்டுக்குள் காற்றுப் புகுந்ததுபோல
ஒரு பக்கமாய் உப்பி, சரிந்து, மறுபடி உப்பி.

"என்னத்தைப் பாக்கிறாய்?"
சாரத்தை இடுப்பில் செருகியபடி நிற்கிறான்.
பட்டர் வாசம்
அறைக் கதவுக்குக் கீழால் போயிருக்க வேணும்.
"இரு. கதவில கை வைக்காத."
இருந்தான்.
இரண்டு நாளாய் மழிக்காத கன்னத்தில்
டோர்ச் வெளிச்சம் பட்டுத் திரும்பியது.
"இதுக்குள்ள என்னப்பா போட்டனி?"
"காத்து."
"வேற?"
"வேற ஒண்டுமில்ல."

வெளியே எடுத்தபோது
தாச்சிக்கு மேலே ஒரு சாண் நின்றது,
பொன்னும் கருகலுமாய்.
தேசிக்காயை நான் பாதியாய் வெட்டுவதற்குள்
பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்.
இறங்கிவிட்டது.
படம் எடுக்கக்கூட நேரமில்லை.

இருவரும் அந்தப் பள்ளத்தையே பார்த்தோம்.
"எங்கட விசா மாதிரி" என்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அவனுக்குத்தான் முதலில் வந்தது,
மூக்கால், இருமலோடு.
பிறகு எனக்கும் தொற்றியது.

பள்ளத்தில் சீனியைத் தூவி
தேசிக்காயைப் பிழிந்தோம்.
புளி அங்கேயே தேங்கியது.
தட்டு எடுக்கவில்லை.
விரல் சுட்டது.
ஓரம் முறுகல், நடு முட்டைத்தோசைக்கும்
வட்டிலப்பத்துக்கும் இடையில் என்னவோ ஒன்று.
கடைசித் துண்டைப் பிய்த்து
பெரிய பக்கத்தை அவன் எடுத்தான்.
எடுக்கட்டும்.

"முட்டை இன்னும் இருக்கா?"
"இல்ல."
திறப்பைத் தேடினான், காசைத் தேடினான்.
லிஃப்ட் இன்றைக்கும் வேலையில்லை.
நாலு மாடியும் படிகளில் இறங்குகிற சத்தம்
டப், டிப், டப், டிப் என்று ஒத்துவராமல் கேட்டது.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு காலில் என்னுடைய செருப்பு.

அவனை நான் நிறுத்தவில்லை.
சூடு இருநூற்றிருபதிலேயே நிற்கிறது.
மீட்டர் ஓடட்டும்.